முஸ்லிம்களின் நண்பரா பேரரசர் இரண்டாம் பிரெட்ரிக்?

கடந்த றமழானில் எனது பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். ஐரோப்பாவின் கிறிஸ்தவப் பேரரசர் ஒருவர் அறபு பேசினாராம், முஸ்லிம் அறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தாராம், சிலுவை யுத்தத்துக்கு வந்து போரே செய்யாமல் திரும்பினாராம், உள்ளத்தால் அவர் முஸ்லிமாகவே இருந்தாராம். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிப் பாடசாலையில் ஏன் சொல்லித் தரவில்லை என்று மாணவர் கேட்டிருந்தார்.

இருபத்தெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவன் என்ற வகையில் அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் சுட்டது. காணொளியில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி உண்மை. கடைசி விடயம் மாத்திரம் பொய். ஆனால் அந்தப் பொய்யைவிட என்னை உறுத்தியது, சொல்லாமல் விடப்பட்ட ஒன்றுதான். சிசிலித் தீவில் நானூறு வருடங்களாக வாழ்ந்துவந்த முஸ்லிம் சமூகத்தை அங்கிருந்து வேரோடு அப்புறப்படுத்தியவரும் இதே பிரெட்ரிக்தான்.

இந்த விடயத்தில் எனக்குள்ள அக்கறை தொழில் சார்ந்தது மாத்திரமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபர் இறுதியில், சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஓர் ஊரின் முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்ட செய்தி எந்த நூற்றாண்டுக்கு உரியதாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை என்னால் சீக்கிரம் புரட்ட முடிவதில்லை.

முதலில் சிசிலியைப் பற்றி. 827இல் தூனிஸ் பக்கமிருந்து சென்ற அக்லபியரின் படை அத்தீவில் இறங்கியது. 831இல் பலர்மோ நகரம் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. நெல்லிக்கனி மூட்டை போலச் சிதறிக் கிடந்த சிற்றரசர்களின் சண்டையால் அந்த ஆட்சி பலவீனமடைந்தபோது, 1061 தொடக்கம் 1091 வரையான முப்பது வருடங்களில் நோர்மன் பிரபுக்கள் தீவு முழுவதையும் பிடித்தார்கள். வென்றவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தும் அறபு எழுத்தர்களை வைத்தே நிர்வாகம் நடத்தினார்கள். இரண்டாம் ரோஜர் மன்னரின் ஆதரவில்தான் அல் இத்ரீஸி தனது புகழ்பெற்ற புவியியல் நூலை 1154இல் எழுதி முடித்தார். ரோஜரின் முடிசூட்டு மேலங்கியின் ஓரத்தில் கூபி எழுத்தில் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டு தங்க நூலால் பின்னப்பட்டிருக்கிறது. அது இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேலங்கியைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அரண்மனைக்கு வெளியே முஸ்லிம் விவசாயிகள் நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவர்களாக இருந்தார்கள். 1176இல் இரண்டாம் வில்லியம் மன்னர் மொன்ரியாலே என்ற மடாலயத்துக்கு மேற்குச் சிசிலியில் பெருநிலப்பரப்பை எழுதிக் கொடுத்தபோது, நிலத்தோடு சேர்த்து அதில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களையும் கொடுத்தார். அவர்களது பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. 1184இன் கடைசியில் கப்பல் உடைந்து மெஸ்ஸினாவில் கரையேறிய ஹஜ் பயணி இப்னு ஜுபைர், அரண்மனையில் முஸ்லிம் பணியாளர்களின் செல்வாக்கைக் கண்டு வியந்தார். ஆனால் அவரது பயண நூலில் என் மனதில் தங்கியது வேறு. தீவு முஸ்லிம்களின் தலைவராக மதிக்கப்பட்ட ஒரு பெருங்குடிப் பிரமுகர் அவரிடம் வந்து, தானும் தன் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டாலாவது முஸ்லிம்களின் நாடொன்றுக்குப் போய்ச் சேரலாமே என்று மனம் உடைந்து பேசியிருக்கிறார். பிரெட்ரிக் பிறப்பதற்குப் பத்து வருடங்களுக்கு முந்திய நிலை அது. எனவே பிரச்சினையை அவர் தொடக்கி வைத்தார் என்று சொல்வது நியாயமாகாது.

பிரெட்ரிக் 1194 டிசம்பர் 26ஆம் திகதி இத்தாலியின் ஜேஸி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேர்மனியப் பேரரசர் ஆறாம் ஹென்றி. தாய் கொன்ஸ்டன்ஸ், ரோஜர் மன்னரின் மகள். அவருக்கு அப்போது நாற்பது வயது. குழந்தை அவருடையதுதானா என்று ஊர் சந்தேகப்படக் கூடாதென்பதற்காகச் சந்தைத் திடலில் கூடாரம் அடித்துப் பலர் பார்க்கப் பெற்றார் என்றொரு கதையும் பின்னர் கட்டப்பட்டது. மூன்று வயது நிரம்ப முன்பே தந்தை போனார். அடுத்த வருடம், மகனுக்குப் பலர்மோவில் முடிசூட்டி வைத்துவிட்டுத் தாயும் போனார். பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் தூரத்திலிருந்து பாதுகாவலரானார். அந்த எத்தீம் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவரே சிசிலியை ஆளலாம் என்பதால், பிரபுக்களும் தளபதிகளும் அவரை மாறி மாறிக் கைப்பற்றினார்கள்.

பலர்மோவின் தெருக்களில் கிரேக்க மொழியும் இலத்தீனும் அறபும் கலந்து ஒலித்தன. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அறபு காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. பிற்காலத்தில் விலங்குகள், நட்சத்திரம், கணிதம், மருத்துவம் என்று எதைப் பற்றியும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் மனிதராக அவர் ஆனதில் அந்த ஊருக்குப் பங்கிருக்க வேண்டும். ராஜாளி வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், பறவைகளைத் தன் கண்ணால் பார்த்து எழுதிய நூல். அரிஸ்டோட்டில் சொன்னது பிழையென்று தெரிந்த இடத்தில் பிழையென்றே எழுதினார். 1224இல் நேப்பிள்ஸில் அவர் நிறுவிய பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதினேழு வயதில் கையில் அதிக காசில்லாமல் ஜேர்மனிக்குப் போய் அங்கே அரசரானதும், 1220இல் உரோமில் பேரரசராக முடிசூட்டப்பட்டதும் தனிக்கதை. நமக்கு வேண்டியது, அதன் பிறகு அவர் தன் தாயகமான சிசிலிக்குத் திரும்பி வந்து கண்ட நிலைமை.

இரண்டாம் வில்லியம் 1189இல் இறந்தவுடன் பலர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் மேற்கு மலைப்பகுதிக்கு ஓடினார்கள். மடாலய நிலங்களில் குடியிருந்த விவசாயிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பிரெட்ரிக் சிறுபிள்ளையாக இருந்த காலமெல்லாம் யாத்தோ, என்தெல்லா போன்ற மலைக்கோட்டைகள் எந்த அரசருக்கும் கீழ்ப்படியாத முஸ்லிம் நிலமாக இருந்தன. அவர்களின் தலைவர் முஹம்மத் இப்னு அப்பாத். தன்னை சிசிலி முஸ்லிம்களின் அமீர் என்று குறிப்பிட்டு நாணயமும் வெளியிட்டவர் அவர். இரண்டு தலைமுறையாகக் குடியானவர்களாக நசுங்கிய மக்கள், தமக்கென்று நாணயம் அடித்த அந்த நாளில் எப்படி நடந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பிரெட்ரிக்குக்கு அது கிளர்ச்சி. தனது இராச்சியத்தில் எந்தப் பிரபுவின் கோட்டையையும் விட்டுவைக்காதவர், இதை விடுவாரா? 1222இல் யாத்தோவை முற்றுகையிட்டார். இப்னு அப்பாத் பிடிபட்டு பலர்மோவில் தூக்கிலிடப்பட்டார். அவரது மகள் என்தெல்லாக் கோட்டையில் இருந்து போராட்டத்தைத் தொடர்ந்ததாகவும், சரணடைவதாகச் சொல்லிப் பேரரசரின் வீரர்களை உள்ளே வரவழைத்துக் கொன்றதாகவும், ஈற்றில் நஞ்சருந்தி இறந்ததாகவும் அறபு எழுத்தாளர் அல் ஹிம்யரி எழுதி வைத்திருக்கிறார். பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை.

அதன் பின்னர்தான் அந்த உத்தரவு வந்தது. பிடிபட்ட முஸ்லிம்களைக் கொல்வதில்லை, மதம் மாற்றுவதுமில்லை. கடல் தாண்டி, இத்தாலியப் பெருநிலத்தின் அபுலியாப் பிரதேசத்திலுள்ள லூசேரா என்ற ஊருக்கு ஏற்றி அனுப்புவது. நேர்கோட்டில் அளந்தாலே நானூறு கிலோமீற்றருக்கு மேல். 1220களின் நடுப்பகுதியில் தொடங்கிய இந்த வெளியேற்றம் கட்டங்கட்டமாக நடந்தது. மலையில் எஞ்சியிருந்தவர்கள் 1246இல் சரணடைந்து அதே வழியில் அனுப்பப்பட்டதோடு முடிந்தது. மொத்தம் 15,000 முதல் 20,000 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு.

லூசேராவைத் தேர்ந்ததில்தான் பிரெட்ரிக்கின் மூளை தெரிகிறது. சிசிலியில் இருந்தால் எதிர்க்கரையில் தூனிஸ். உதவி வரலாம், ஓடவும் முடியும். லூசேராவோ கடலிலிருந்து உள்ளே தள்ளிய கோதுமைச் சமவெளி. சுற்றிவரக் கிறிஸ்தவ ஊர்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பேரரசரைத் தவிர உலகத்தில் வேறு ஆளில்லை. அதே பேரரசர் அவர்களுக்குப் பள்ளிவாசல் கட்ட அனுமதித்தார். தமது காழியை வைத்துக்கொள்ளவும் ஷரீஆப்படி வழக்குத் தீர்க்கவும் விட்டார். உழ மாடு கொடுத்தார். பதிலுக்குத் தலைவரி வாங்கினார். அந்த வரிக்கு இலத்தீன் ஆவணங்களில் இட்ட பெயர் நமது ஜிஸ்யா என்ற சொல்லேதான், ஆள் மாத்திரம் இடம் மாறியிருக்கிறது. ஆயுதம் செய்வோர், தச்சர், வேட்டைச் சிறுத்தைகளைப் பழக்குவோர், அரண்மனைக்குத் துணி நெய்யும் பெண்கள் என்று ஊர் தலையெடுத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு வில்லாளிகள் கிடைத்தார்கள். பாப்பரசரோடு வாழ்நாள் முழுவதும் மோதிய ஒரு பேரரசருக்கு இதன் பெறுமதி சாதாரணமல்ல. பாப்பரசர் ஓர் அரசரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டால் கிறிஸ்தவ வீரனின் மனம் தடுமாறும். லூசேராவின் வில்லாளிக்கு அந்த அறிவித்தல் ஒன்றுமேயில்லை. பத்து வருடத்துக்கு முன் தமது மலைகளைத் தீயிட்ட மனிதரின் மெய்க்காவலர்களாக அவர்கள் ஆனார்கள். இதை விசுவாசம் என்று சில நூல்கள் வர்ணிக்கின்றன. போக்கிடமில்லாதவர்களின் விசுவாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காணொளியின் நட்சத்திரக் காட்சிக்கு இப்போது வருவோம். சிலுவை யுத்தத்துக்குப் போவதாக 1215இலேயே நேர்ந்துகொண்ட பிரெட்ரிக் தவணை சொல்லிக்கொண்டே இருந்தார். 1227இல் ஒருவழியாகக் கப்பலேறினார். படையில் தொற்றுநோய். அவரும் நோயுற்றுக் கரைக்குத் திரும்பினார். பாப்பரசர் ஒன்பதாம் கிரகரி அதை நடிப்பென்று சொல்லி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்ட நிலையிலேயே 1228இல் அவர் மீண்டும் புறப்பட்டார். விலக்கப்பட்டவர் சிலுவை யுத்தத்துக்குப் போனதற்காகப் பாப்பரசருக்கு இன்னும் கோபம்.

மறுபக்கத்தில் எகிப்தின் சுல்தான் அல் காமில், ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரர் மகன். அவருக்கு டமஸ்கஸை ஆண்ட தன் சொந்தச் சகோதரனோடு பகை. அந்தப் பகையில் துணைக்கு வரும்படி பிரெட்ரிக்கை அழைத்தவரே அவர்தான். பேரரசர் வந்திறங்கிய வேளையில் சகோதரன் மரணித்திருந்தார், எனவே விருந்தாளி தேவையற்றவராகிவிட்டார். ஆனாலும் டமஸ்கஸ் இன்னும் சகோதரன் மகனிடம் இருந்தது. அதைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்த சுல்தானுக்கு மற்றொரு போர் வேண்டியிருக்கவில்லை. அவரது தூதர் பக்ருத்தீன் பல மாதங்கள் போய்வந்தார். 1229 பெப்ரவரி 18ஆம் திகதி யாபாவில் உடன்படிக்கை கைச்சாத்தானது. பைத்துல் முகத்தஸ் நகரம் பத்து வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குக் கிறிஸ்தவர்களுக்கு. அல் அக்ஸாவும் குப்பதுஸ் ஸஹ்ராவும் உள்ள ஹரம் ஷரீப் முஸ்லிம்களுக்கே.

ஒரு துளி இரத்தம் சிந்தாத வெற்றி என்று இன்று பாராட்டுகிறோம். அன்று இரு பக்கத்திலும் அது சாபமாகவே பார்க்கப்பட்டது. ஸலாஹுத்தீன் 1187இல் மீட்ட நகரத்தை அவரது குடும்பத்தவரே கொடுத்துவிட்டார் என்ற செய்தி கேட்டு டமஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் மக்கள் அழுதார்கள். வரலாற்றாசிரியரும் பெரும் பேச்சாளருமான ஸிப்த் இப்னுல் ஜவ்ஸி அங்கே உரை நிகழ்த்தினார். பேரரசரை அவர் மன்னிக்கவே இல்லை. அந்த வழுக்கைத் தலை, மங்கிய பார்வைக்காரர் அடிமைச் சந்தைக்கு வந்திருந்தால் இருநூறு திர்ஹமும் பெற மாட்டார் என்ற பொருள்பட எழுதி வைத்தார்.

பேரரசர் பைத்துல் முகத்தஸில் தங்கியது சொற்ப நாட்கள். அவரது மனம் நோகாதிருக்க அன்றிரவு பாங்கு சொல்ல வேண்டாமென்று நாப்லுஸ் காழி ஷம்ஸுத்தீன் முஅத்தினுக்குச் சொல்லியிருந்தார். காலையில் பிரெட்ரிக் அதைக் கேட்டு வருந்தினாராம். பாங்கொலியைக் கேட்பதற்காகவே அந்த இரவு அங்கே தங்கினேன் என்ற கருத்தில் பதில் சொன்னாராம். இது காணொளியிலும் இருந்தது. அதற்கு அடுத்து அறபு நூல்கள் சொல்லும் ஒன்று அதில் இல்லை. ளுஹர் பாங்கு ஒலித்தபோது பேரரசரின் பணியாளர்களும், அவருக்குத் தர்க்கவியல் படிப்பித்த சிசிலிக்கார ஆசிரியரும் எழுந்து தொழுதார்கள். அவர்கள் முஸ்லிம்கள்.

அந்த ஆசிரியரை நான் விட்டுவிட முடியாமல் இருக்கிறேன். அவர் அல் அக்ஸாவின் அருகே கைகட்டி நின்ற அந்த நேரத்தில் அவரது தீவின் மக்கள் லூசேராவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம். அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

மே மாதம் அக்கா துறைமுகத்தில் பேரரசர் கப்பலேறப் போனபோது, இறைச்சிக் கடைத் தெருவில் கிறிஸ்தவர்களே அவர் மீது குடலையும் கழிவையும் வீசினார்கள். நாட்டுக்குத் திரும்பினால் பாப்பரசரின் படை அவரது இராச்சியத்துக்குள் நுழைந்திருந்தது.

மற்றவர்களை அவர் நடத்திய விதத்தையும் பார்த்தால்தான் மனிதர் விளங்குவார். 1235இல் ஜேர்மனியின் புல்டா நகரில், கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொன்று இரத்தம் எடுத்ததாகக் குற்றஞ்சாட்டி யூதர்களைக் கொன்று போட்டார்கள். பிரெட்ரிக் சும்மா தீர்ப்புச் சொல்லவில்லை. யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களைப் பல நாடுகளிலிருந்தும் வரவழைத்து விசாரித்து, அந்த மார்க்கம் இரத்தத்தையே தடுக்கிறது, குற்றச்சாட்டு பொய் என்று 1236இல் அறிவித்தார். எந்த மதத் தலைவரும் அப்போது செய்யாத வேலை. ஆனால் திருச்சபைக்கு மாறான கொள்கையுடைய கிறிஸ்தவர்களை உயிரோடு எரிக்கச் சட்டம் போட்டவரும் அவரே. சிசிலியில் யூதர்கள் தனி அடையாளம் அணிய வேண்டுமென்றவரும் அவரே. தனக்குப் பயன்படுபவரைக் காத்தார், தன் அதிகாரத்துக்கு இடைஞ்சலானவரை அழித்தார். மார்க்கம் அவருக்கு இரண்டாம் பட்சம். அவரை மறைவான முஸ்லிம் என்று நம்மவர் சொல்வதும், மார்க்கமற்றவர் என்று பாப்பரசரின் ஆட்கள் சொன்னதும் ஒரே தவறின் இரண்டு முனைகள் என்றே நினைக்கிறேன்.

கடைசிப் பதினைந்து வருடங்கள் கசப்பானவை. எதிர்த்து நின்ற மூத்த மகனைச் சிறையிலிட்டார், மகன் 1242இல் இறந்தார். 1239இல் மீண்டும் திருச்சபை விலக்கு. 1245இல் லியோன் மாநாட்டில் நான்காம் இன்னசென்ட் அவரைப் பதவியிலிருந்தே நீக்குவதாக அறிவித்தார். லூசேராவின் முஸ்லிம்களோடு அவருக்கிருந்த நெருக்கமும் குற்றப்பட்டியலில் இருந்தது. பொருத்தம் பாருங்கள், அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கியதற்காக எவரும் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை. 1250 டிசம்பர் 13ஆம் திகதி லூசேராவிலிருந்து அதிக தூரமில்லாத பியோரென்டினோ கோட்டையில் வயிற்றுநோயால் மரணித்தார். உடல் பலர்மோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு செந்நிறக் கல்பேழையில் வைக்கப்பட்டது. அவருக்கு அந்தத் தீவில் ஆறடி நிலம் கிடைத்தது.

லூசேரா அவருக்குப் பிறகும் ஐம்பது வருடம் இருந்தது. 1261இல் சுல்தான் பைபர்ஸின் தூதராக பிரெட்ரிக்கின் மகன் மன்பிரெட்டிடம் சென்ற அறிஞர் இப்னு வாஸில், அந்த ஊரில் ஜும்ஆ பகிரங்கமாக நடப்பதையும், மன்பிரெட்டின் பாசறையிலேயே பாங்கு ஒலிப்பதையும் மகிழ்ச்சியோடு பதிந்தார். ஐந்தே வருடத்தில் பாப்பரசரின் ஆதரவோடு வந்த பிரான்ஸின் அஞ்சூ குடும்பத்துச் சார்ல்ஸ், பெனவென்ட்டோவில் மன்பிரெட்டைக் கொன்று இராச்சியத்தைப் பிடித்தார். பிரெட்ரிக்கின் பேரனுக்காக 1268இல் லூசேரா எழுந்தது. முற்றுகையில் பட்டினி கிடந்து மறுவருடம் பணிந்தது. வரியை ஏற்றி ஊரை அப்படியே விட்டார்கள், அதன் உழைப்பு அவர்களுக்கும் தேவைப்பட்டது.

சார்ல்ஸின் மகன் இரண்டாம் சார்ல்ஸுக்குக் கடன் தலைக்கு மேல் இருந்தது. 1300 ஓகஸ்டில் ஜொவான்னி பிப்பினோ என்ற அதிகாரியின் தலைமையில் படை லூசேராவைச் சூழ்ந்தது. அதற்குக் கிளர்ச்சி எதுவும் காரணமாக இருக்கவில்லை. ஊர் முழுவதும் பிடிக்கப்பட்டு, ஆணும் பெண்ணும் பிள்ளையும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பத்தாயிரம் பேர் அளவில் இருக்கும். தானியமும் கால்நடையும் நிலமும் அரச கருவூலத்துக்குப் போயின. விற்கப்பட்டாலாவது முஸ்லிம்களின் நாட்டுக்குப் போகலாமே என்று அந்தச் சிசிலிப் பெரியவர் ஒருநாள் ஆசைப்பட்டார் அல்லவா? இவர்களை வாங்கியவர்கள் இத்தாலியக் கிறிஸ்தவர்கள்.

ஊருக்கு மரியன்னையின் பெயர் சூட்டப்பட்டது. பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் பேராலயம் எழுந்தது. பிரெட்ரிக் அங்கே கட்டிய மாளிகையின் அடித்தளம் நகருக்கு வெளியே மேட்டில் இன்னும் கிடக்கிறது.

இதையெல்லாம் சுருக்கி மாணவருக்கு அனுப்பினேன். அடுத்த நாள் ஸுப்ஹுக்குப் பிறகு பதில் வந்தது. மொன்ரியாலே பதிவேட்டிலுள்ள பெயர்களை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தார்.